மாணாக்கர் மனநலம்: உதவி நாடத் தயங்குவது ஏன்?

காய்ச்சல் கண்ட மாணவன் விடுதிக் காப்பாளரிடம் அதனைக் கூறி மருத்துவரை நாடுவதற்கு நாணுவதில்லை. ஆனால், பல வாரங்களாக உறக்கமின்றி, பாடத்தில் கருத்தூன்ற இயலாமல் வாடும் மாணவனோ, தன் குறையை அறைத் தோழனிடமும் வெளியிடுவதில்லை. இரண்டும் நலக்குறைவே, இரண்டிற்கும் சிகிச்சை உண்டு. இவ்வுண்மையை மாணாக்கரிடையே பரப்புதல் ஆசிரியர்க்கும் களப் பணியாளர்க்கும் உரிய கடமைகளுள் ஒன்றாகும்.

மனநோய்களுள் பெரும்பாலானவை இளமையிலேயே தோன்றுகின்றன. வாழ்நாளில் காணும் மனநோய்களில் ஏறக்குறையப் பாதி 14 வயதிற்குள்ளும், முக்கால் பங்கு 24 வயதிற்குள்ளும் தொடங்குகின்றன என்று 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கண்டது. கல்லூரிப் பருவம் இவ்வயதிற்குள் அடங்குகிறது. 2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, பல்வேறு மனநோய்களுக்கு ஆளானோரில் 70 முதல் 92 சதவிகிதத்தினர் சிகிச்சை பெறவில்லை. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தற்கொலையால் இறந்த மாணாக்கர் 13,044 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. இத்தொகையில் பள்ளி மாணாக்கரும் அடங்குவர்.

தயக்கத்தின் காரணங்கள்

முதற் காரணம் பழிச்சொல்லுக்கு அஞ்சுதல். "பைத்தியம்" என்னும் பெயர் வந்துவிட்டால் வேலை கிடைக்குமோ, திருமணம் நடக்குமோ என்னும் அச்சம் பலரைத் தடுக்கிறது. இரண்டாவது, நோயைக் குணக்கேடாகக் கருதுதல். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்து, பழகாத மொழியில் பாடம் கேட்டுத் தடுமாறும் மாணவன், தன் சோர்வைச் சோம்பல் என்றே எண்ணித் தன்னைத் தானே நொந்துகொள்கிறான். மூன்றாவது, கூறிய செய்தி பிறருக்குத் தெரிந்துவிடும் என்னும் ஐயம்.

இவ்வையத்திற்குச் சட்டம் விடை தருகிறது. 2018 மே 29 முதல் நடைமுறையிலுள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சிகிச்சை பெறுவோரின் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என விதிக்கிறது. உயிருக்கு ஆபத்து நேரும் நிலை போன்ற சில விலக்குகளே உண்டு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்திற்கு உள்ளானவர் எனக் கொண்டு, அவருக்குப் பராமரிப்பு அளிப்பது அரசின் கடமை என்றும் அச்சட்டம் கூறுகிறது.

அறிகுறிகள்

தேர்விற்கு முன் ஓரிரு நாள் கவலைப்படுவது இயல்பே. ஆனால் துயரம், உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிப்பின் அதனைப் புறக்கணித்தல் ஆகாது. வகுப்பிற்கு வராதிருத்தல், நண்பரை விட்டு ஒதுங்குதல், திடீரென மதிப்பெண் குறைதல், மதுப்பழக்கம், அருமையான உடைமைகளைப் பிறர்க்குக் கொடுத்துவிடுதல் ஆகியவற்றையும் கவனித்தல் வேண்டும்.

ஆசிரியர் செய்ய வேண்டுவன

மாணவனைத் தனிமையில் அழைத்து, பிறர் முன் நாணம் நேராதவாறு பேசுதல் வேண்டும். அறிவுரையைவிடப் பொறுமையுடன் செவிசாய்த்தலே முதற்கண் தேவை. "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்பது போன்ற சொற்கள் அவனை மேலும் ஒடுங்கச் செய்யும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்பதால் அவ்வெண்ணம் தூண்டப்படுவதில்லை; மாறாக, அவன் மனம் திறக்க அது வழிசெய்யும். எண்ணம் உண்டெனில் அவனைத் தனியே விடாது, உடனே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்தல் வேண்டும்.

ஆலோசகரிடம் நடப்பது யாதென முன்னரே விளக்கினால் அச்சம் குறையும். முதல் நாள் பெரும்பாலும் உரையாடலே நிகழும். எல்லாருக்கும் மருந்து தேவைப்படுவதில்லை. மனச்சோர்விற்குரிய மருந்துகள் பயன்தரத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும். ஆதலால் முதல் வாரத்திலேயே பயனில்லை என்று கைவிடுவதும், நலமடைந்ததும் மருத்துவரைக் கேளாது நிறுத்துவதும் தவறு.

உதவி கிடைக்குமிடங்கள்

100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணாக்கர் பயிலும் கல்வி நிலையம் ஒவ்வொன்றும் தகுதி வாய்ந்த ஆலோசகர் ஒருவரையேனும் நியமித்தல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளையும், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களையும் அணுகலாம். 2022 அக்டோபர் 10-ல் தொடங்கப்பெற்ற டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

இவ்வெண்ணை விடுதியின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தல் எளிது. ஆனால் அதனோடு பணி முடிந்துவிடுவதில்லை. ஆலோசகரின் அறை வாயில் வரை தனியே செல்லத் துணியாத மாணவனுடன், முதல் நாள் ஒருவர் உடன்செல்வாராயின், பின்னர் அவன் தானே செல்வான். அந்த ஒருவராக இருத்தற்கு ஆசிரியரைவிட ஏற்றவர் அரியர்.