விலைப் பள்ளமும் விலை மேடும்

சென்னை திருவொற்றியூரில் என் அக்கா வீட்டு மொட்டை மாடியில் நின்றால், ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பது தெரியும். ஏழாவது படிக்கும் அக்கா மகனுக்கு அதுதான் பொழுதுபோக்கு. ஒவ்வொரு பெட்டியிலும் நாலு எழுத்தும் ஏழு எண்ணும் இருக்கும். கடைசி எண்ணை மட்டும் சின்னக் கட்டத்துக்குள் போட்டிருப்பார்கள். முன்னால் உள்ள எழுத்துகளையும் எண்களையும் வைத்து ஒரு கணக்குப் போட்டால் அந்தக் கடைசி எண் வரவேண்டும். வரவில்லையா, எங்கேயோ ஓர் எழுத்து தப்பு! இதைச் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து நோட்டும் கையுமாக நிற்கிறான்.

போன மாதம் சிங்கப்பூரிலிருந்து அவன் சித்தப்பா வந்திருந்தார். அவர் கையில் இருந்த போனின் விலையைக் கேட்டு, அதே போன் இங்கே என்ன விலை என்று பார்த்தவனுக்கு ஆச்சரியம்.

"ரெண்டும் ஒரே போன்தானே மாமா? கப்பல்ல வரும்போதே விலை ஏறிடுமா?"

ஏறலாம். வேடிக்கையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஏறலாம். (செல்போன் பெரும்பாலும் விமானத்தில் வந்து மீனம்பாக்கத்தில்தான் இறங்கும். ஆனால் கப்பலானாலும் விமானமானாலும் வரிக் கணக்கு ஒன்றுதான்.) வெளிநாட்டுச் சரக்கின் விலை டாலரில் இருக்கும். அதைக் கொண்டுவந்த கூலியும் இன்ஷூரன்ஸும் அந்த விலையோடு சேரும். சரக்கு வருவதையொட்டி, பாரிமுனைப் பக்கம் ஆபீஸ் வைத்திருக்கும் கிளியரிங் ஏஜென்ட் சுங்கத் துறைக்கு 'பில் ஆஃப் என்ட்ரி' என்ற கணக்குச் சீட்டைத் தாக்கல் செய்வார். அது தாக்கலாகும் நாளில் டாலருக்குச் சுங்கத் துறை அறிவித்திருக்கும் மதிப்பு எதுவோ, அதை வைத்துத்தான் ரூபாய்க் கணக்கு. பெட்டி கடலில் மிதந்த நாட்களில் ரூபாய் சரிந்திருந்தால், உள்ளே இருக்கும் பொருள் யாரும் தொடாமலே விலை ஏறியிருக்கும்.

நோட்டில் ஒரு பக்கம் கிழித்துக் கணக்கைப் போட்டோம். போன் 100 டாலர். டாலர் 80 ரூபாய் என்றால் 8,000. இறக்குமதியாகும் போனுக்கு அடிப்படைச் சுங்க வரி 15 சதவீதம் (2024 பட்ஜெட்டுக்கு முன் 20 ஆக இருந்தது). அது 1,200 ரூபாய். அந்த வரியின் மேலேயே பத்தில் ஒரு பங்கு சமூகநலக் கூடுதல் வரி, 120 ரூபாய். ஆக 9,320. இந்த மொத்தத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கடைசியில் 10,998 ரூபாய் வந்தது, பைசாவை விட்டுவிடலாம். கடைக்காரர் லாபமும் லாரி வாடகையும் இன்னும் சேரவில்லை.

"வரிக்கு மேல வரியா!" என்றான். ஆமாம், அங்கேதான் விஷயமே இருக்கிறது.

டாலர் 2022 ஜூலையில் முதன்முதலாக 80 ரூபாயைத் தொட்டது. 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. 90 என்று வைத்து அதே கணக்கைப் போடச் சொன்னேன். 12,372 வந்தது. டாலரால் கூடியது 1,000 ரூபாய்தான், ஆனால் விலையில் கூடியது 1,374! வரிகள் கூட்டலாக வராமல் பெருக்கலாக வருவதால் இப்படி. சுங்க வரிகள் சேர்ந்த 1.165-ஐ ஜிஎஸ்டி சேர்ந்த 1.18-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 1.37 கிடைக்கும். ரூபாய் சரிவதால் கூடுகிற ஒவ்வொரு ரூபாயும் 1 ரூபாய் 37 காசாக வீங்கித்தான் நம் பில்லுக்கு வருகிறது.

சிங்கப்பூரில் போனுக்குச் சுங்க வரி கிடையாது, 9 சதவீத ஜிஎஸ்டி மட்டும். டாலர் 80 என்ற கணக்கில் அதே போன் 8,720. இலங்கையில் நேர்மாறான கதை. 2022 தொடக்கத்தில் சுமார் 200 இலங்கை ரூபாயாக இருந்த டாலர், சில மாதங்களில் 360 வரை போனது. வரியைத் தொடாவிட்டாலும் யாழ்ப்பாணத்துக் கடையில் விலை எங்கே போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

லேப்டாப்புக்கு நம் நாட்டிலும் சுங்க வரி இல்லை. கம்ப்யூட்டர் போன்ற பொருள்களுக்கு வரி போடுவதில்லை என்று 1996-இல் சிங்கப்பூரில் நாடுகள் கூடிப் பேசிய ஒப்பந்தத்தில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. போனுக்கு மட்டும் வரி ஏன்? இங்கேயே செய்யட்டும் என்றுதான். ஸ்ரீபெரும்புதூரில் பூட்டப்படும் போனுக்கு இந்த இறக்குமதி வரி இல்லை. ஆனாலும் அதற்குள்ளே இருக்கிற சிப்பும் கேமராவும் டாலரில் வாங்கியவை. அதனால் டாலர் தும்மினால் அந்தப் போனுக்கும் ஜலதோஷம்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவனைப் பர்மா பஜாருக்குக் கூட்டிப் போனேன். ராஜாஜி சாலையில், பீச் ஸ்டேஷன் எதிரே, துறைமுகத்துக்குப் பக்கத்தில் நீளமாகக் கிடக்கும் சின்னச் சின்னக் கடைகள். பர்மாவில் 1964-இல் கடைகளை அரசுடைமையாக்கியபோது, அங்கே பல தலைமுறை வாழ்ந்த தமிழர்கள் கையில் இருந்ததை விட்டுவிட்டுக் கப்பலேறி இதே துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்கள் பிழைப்புக்காக 1969-இல் உருவானது இந்த பஜார். கொஞ்ச நாளில் ஜப்பான் டேப்ரெக்கார்டர், கால்குலேட்டர், வாட்ச் என்று எது வேண்டுமானாலும் இங்கே கிடைக்கும் என்று பேராகிவிட்டது. கப்பல்காரர்கள் கொண்டுவந்து விற்றதும் உண்டு, வரி கட்டாமல் கள்ளத்தனமாக வந்ததும் உண்டு. 1991-க்கு முன் இந்தியாவின் உச்சச் சுங்க வரி 300 சதவீதத்துக்கும் மேலே இருந்தது. 100 ரூபாய்ப் பொருள் 400-ஐத் தாண்டும்! தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். சரக்கு விலைப் பள்ளத்திலிருந்து விலை மேட்டுக்கு ஓடும். மேடு எவ்வளவு உயரமோ, ஓட்டமும் அவ்வளவு வேகம். வரி குறையக் குறைய பஜாரின் பழைய மவுசும் குறைந்துவிட்டது. இப்போது அங்கே ஹெட்போனும் சார்ஜரும்தான் அதிகம் தொங்குகின்றன.

ஒரு கடை முன் நின்று நோட்டைப் பிரித்தான். "அண்ணா, டாலர் 90-லருந்து 80-க்கு வந்தா, போன் விலையில 1,374 ரூபாய் குறைப்பீங்களா?"

கடைக்காரர் நோட்டை வாங்கிக் கணக்கை வரி வரியாகப் பார்த்தார். "கணக்கெல்லாம் கரெக்ட்டுதான் தம்பி" என்றார். "ஆனா இது பழைய ஸ்டாக்."

டாலர் ஏறும்போது பழைய ஸ்டாக் எங்கே போகும் என்று அவன் கேட்பதற்குள், பக்கத்துத் தெருவில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட இழுத்துக்கொண்டு போய்விட்டேன்.