ஓடைகளும் உடைமையும்: சி பிளஸ் பிளஸ் மொழியின் நினைவிடப் பிரச்சினை

ஒரு சாதனம் யாருக்கு உரியது, அதனைப் பேணும் பொறுப்பு யாருடையது என்னும் வினாவைச் சமூக வரலாற்று ஆய்விலேயே நாம் எழுப்பிப் பழகியுள்ளோம். நிரலாக்க மொழிகளின் அமைப்பிலும் அவ்வினா உண்டு. நிரலாளர் தாமே ‘உடைமை’ என்பதைக் கலைச்சொல்லாக வழங்குகின்றனர். சி பிளஸ் பிளஸ் மொழியின் எழுத்துச்சர ஓடைகளை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

திரைக்கோ கோப்புக்கோ எழுதுவது போன்றே நினைவகத்தினுள் எழுத உதவுவது எழுத்துச்சர ஓடை. எழுதப்படுவன தங்கும் நினைவிடமே பஃபர் ஆகும். அதனை ஓடை தானே கோரிப் பெறலாம்; நிரலாளர் முன்கூட்டியே ஒதுக்கியும் கொடுக்கலாம். நினைவகம் சுருங்கிய சிறு கருவிகளிலும் தாமதத்தைப் பொறாத பணிகளிலும் பின்னைய முறையே வேண்டப்படுகின்றது.

பழைய ‘ஸ்ட்ர்ஸ்ட்ரீம்’ இவ்விரு முறைகளையும் ஒரே பெயருள் அடக்கியது. ஓடை தானே பெற்ற நினைவிடத்தின் முகவரியை நிரலாளர் கேட்டதும், அவ்விடம் ‘உறைந்து’ அவருடைய பொறுப்பாயிற்று. உறைவை நீக்க அவர் மறந்தால் நினைவிடம் கசிந்து வீணாயிற்று. சரத்தின் முடிவுக்குறியையும் அவரே இடவேண்டும். இடாவிடின், படிக்கும் நிரல் எல்லை கடந்து அயல் நினைவிடத்தையும் படிக்கக்கூடும். உடைமை மாற்றம் வெளிப்படையான அறிவிப்பின்றி நிகழ்ந்தமையே இக்குறைபாட்டின் வேர் எனலாம்.

1998ஆம் ஆண்டு நியமம் அதனைக் கைவிடத்தக்கதெனக் குறித்து, ‘ஸ்ட்ரிங்ஸ்ட்ரீம்’ என்பதை முன்வைத்தது. இங்கு உடைமை முழுவதும் ஓடைக்கே உரியது. ஆபத்துக் குறைந்தது, ஆயின் உள்ளடக்கத்தைப் பெறுந்தோறும் பிரதி எடுக்க நேர்ந்தது. சொந்தப் பஃபரை வழங்குவதற்கு ‘பப்செட்பஃப்’ என்னும் வாயில் இருந்தபோதும், அதன் விளைவை நியமம் வரையறுக்கவில்லை. குனூ நூலகம் கொடுத்த இடத்தைப் பயன்படுத்தும். மைக்ரோசொப்ட் நூலகம் அதனைப் பொருட்படுத்தாது. தேவை நிறைவுறாத நிலையில், கைவிடத்தக்கதெனப்பட்ட பழைய வடிவம் கால் நூற்றாண்டு வரை நியமத்தில் நீடித்ததில் வியப்பில்லை.

2020ஆம் ஆண்டு நியமம் பிரதியின்றி உள்ளடக்கத்தை நோக்கவும் கையளிக்கவும் வழிசெய்தது. 2023ஆம் ஆண்டு நியமத்தில் இடம்பெற்ற ‘ஸ்பான்ஸ்ட்ரீம்’ நிரலாளர் கொடுத்த இடத்தில் மட்டுமே எழுதும். இடம் தீர்ந்தால் புதிதாகக் கோராது, எழுதுதல் தோல்வியுற்றதாக அறிவிக்கும். உடைமை எக்காலத்தும் நிரலாளருடையதே. ஓடை பயன்படும் வரை அவ்விடத்தை நிலைநிறுத்தும் கடமையும் அவரைச் சார்ந்ததே. ஆகவே, புதிய வடிவம் பொறுப்பை ஒழித்துவிட்டதெனக் கொள்வது தவறாகும். முன்னர் மறைந்து கிடந்த உடைமை உறவை அது பெயரிலேயே வெளிப்படுத்தியுள்ளது. அதன் வரலாற்று முக்கியத்துவமும் அதுவே.