ஆர்.எக்ஸ்.100-க்குள் பெரிய எஞ்சின்: கணக்கு என்ன சொல்கிறது?

யமஹா ஆர்.எக்ஸ்.100 இந்தியச் சாலைக்கு வந்தது 1985-இல். தயாரிப்பு நின்றது 1996-இல். கால் நூற்றாண்டு கடந்த பிறகும் நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கு லட்ச ரூபாய்க்குக் குறையாமல் விலை சொல்கிறார்கள். இந்த மோகத்தோடு இன்னொரு ஆசையும் சேர்ந்து வளர்ந்திருக்கிறது. வெளியே அதே பழைய வண்டி, உள்ளே அதைவிடப் பெரிய டூ ஸ்ட்ரோக் எஞ்சின். ஆர்.எக்ஸ்.135-இன் ஐந்து கியர் எஞ்சினைத் தூக்கி ஆர்.எக்ஸ்.100-இல் உட்கார வைப்பது பல பட்டறைகளுக்குப் பழகிய வேலை. அதோடு நிற்காமல், ராஜ்தூத் 350-இன் இரட்டை சிலிண்டர் எஞ்சினையே இந்தச் சின்ன வண்டிக்குள் பொருத்திவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே வகை வேலையாகப் பேசுவதுதான் சிக்கலின் தொடக்கம். முதலாவது, சில நிபந்தனைகளோடு பொறியியல் ஏற்கும் மாற்றம். இரண்டாவதைப் பொறியியல் ஏற்காது. எஞ்சின் பெரிதாகும்போது உச்ச வேகம் கொஞ்சம்தான் கூடுகிறது. ஆனால் பிரேக்கும் டயரும் சேஸிஸும் சுமக்க வேண்டிய பாரம் அதைவிட மிக விரைவாக ஏறுகிறது. இதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

ஆர்.எக்ஸ்.100-இன் எஞ்சின் 98 சி.சி. சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50 மில்லிமீட்டர். திறன் 11 குதிரைத்திறன். ஐந்து கியர் ஆர்.எக்ஸ்.135 தருவது 14. ராஜ்தூத் 350-இன் அதிகத் திறன் கொண்ட வகை 30.5. பதினொன்றை எடுத்துவிட்டு முப்பதை வைத்தால் வேகமும் கிட்டத்தட்ட மும்மடங்காகும் என்று மனம் கணக்குப் போடுகிறது. காற்று அதற்கு இடம் கொடுப்பதில்லை. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு விசை நான்கு மடங்காகிறது. அந்த எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிறது. ஆகவே திறன் எத்தனை மடங்கு கூடுகிறதோ, அதன் கனமூல அளவுக்குத்தான் உச்ச வேகம் கூடும். கணக்கு எளிதாக இருக்க, 11 குதிரைத்திறனில் வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 14 குதிரைத்திறனில் அது 108-ஐத் தொடும். 30.5 வந்தாலும் 140-க்குப் பக்கத்தில் நின்றுவிடும். மும்மடங்குத் திறன் கொண்டுவரும் கூடுதல் வேகம் நாற்பது சதவீதம். அதையும் பயன்படுத்த நம் ஊரில் எத்தனை கிலோமீட்டர் காலியான சாலை இருக்கிறது?

‘எனக்கு உச்ச வேகம் வேண்டாம், பிக்கப்தான் வேண்டும்’ என்பார்கள். நியாயமான பதில்தான். பெரிய எஞ்சின் உண்மையிலேயே தாராளமாகத் தருவதும் அதைத்தான். ஆனால் டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் பிக்கப் ஒரே சீராக வருவதில்லை; அதற்குக் காரணம் சைலன்சரில் இருக்கிறது. எரிந்த புகை சிலிண்டரை விட்டுப் பாயும்போது ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஓடுகிறது. குழாய் வயிறு பருத்து மறுபடி குறுகும் இடத்தில் மோதி அது திரும்பி வருகிறது. புகை வழி மூடுவதற்குச் சற்று முன்பு அது வந்து சேர்ந்தால், வெளியே நழுவப் பார்க்கும் புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடும். புகை வழியில் வால்வே இல்லாத எஞ்சினுக்கு ஒலி அலையே வால்வாக வேலை செய்கிறது. இதை ஆழமாக ஆராய்ந்து பந்தய எஞ்சினில் வெற்றி கண்டவர், கிழக்கு ஜெர்மனியின் எம்.ஸெட். நிறுவனப் பொறியாளர் வால்ட்டர் காடன். 1961-இல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. அதே ஆண்டு அந்நிறுவனத்தின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கு நாடுகளுக்குத் தப்பி வந்து சுஸுகியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே சுஸுகி 50 சி.சி. உலகப் பட்டத்தை வென்றது. ஜப்பானிய டூ ஸ்ட்ரோக்கின் பொற்காலத்துக்கு அவர் கொண்டுவந்த அந்த அறிவு பெரிய உரம். ஆனால் அலை சரியான நேரத்துக்குத் திரும்புவது ஒரு குறிப்பிட்ட சுழற்சி எல்லைக்குள் மட்டும்தான். அதற்குக் கீழே எஞ்சின் சோம்பிக் கிடக்கும். அந்த எல்லையைத் தொட்டதும் திறன் திடுமெனப் பொங்கும். இரு சக்கரங்களுக்கும் நடுவே வெறும் 1,240 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள நூறு கிலோ வண்டியில், ஏறத்தாழ மும்மடங்கு முறுக்கு விசை இப்படிப் பொங்கினால் முன் சக்கரம் தரையை விட்டு எழும்ப அதிக நேரம் ஆகாது. ஓட்டுபவர் திறமைசாலியா என்பது இரண்டாவது கேள்வி. வண்டியின் வடிவமைப்பு அந்த விசையை எதிர்பார்க்கவில்லை என்பதே முதல் விஷயம்.

இனி பிரேக். யாரும் படமெடுத்துப் பகிராத பாகம் இதுதான், ஆனால் வாதத்தின் மையமும் இதுதான். ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருபடியாகக் கூடுகிறது. வண்டியும் ஆளும் சேர்த்து 170 கிலோ என்றால், 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஆற்றல் சுமார் 65 கிலோஜூல். பெரிய எஞ்சினால் எடை இருபது கிலோ கூடி, வேகமும் 140 ஆனால் அது 145 கிலோஜூலுக்கு அருகே போகும். இந்த ஆற்றல் எங்கும் மறைந்துவிடாது. காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தில் பெரும்பகுதி பிரேக் டிரம்மில் வெப்பமாக இறங்கும். 65 கிலோஜூல் முழுவதும் ஒரு கிலோ இரும்புக்குள் போனால் அதன் வெப்பநிலை சுமார் 145 டிகிரி ஏறும். 145 கிலோஜூல் போனால் 320 டிகிரி. ஆர்.எக்ஸ்.100-இல் இருப்பவை 130 மில்லிமீட்டர் டிரம் பிரேக்குகள். டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங் சூடேறினால் அதன் உராய்வு குறையும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்போது லீவரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்க மறுக்கும். பிரேக் சூடேறாமல் முழு வலுவோடு பிடித்தாலும் தூரம் கூடுவதைத் தவிர்க்க முடியாது. நொடிக்கு நொடி 6 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால், 100-இல் இருந்து நிற்க 64 மீட்டர் வேண்டும். 140-இல் இருந்து நிற்க 126 மீட்டர். ஓட்டுபவர் சுதாரித்து லீவரைத் தொடுவதற்குள் கழியும் ஒரு நொடியின் தூரத்தை இன்னும் சேர்க்கவில்லை.

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் ஆக்சிலரேட்டரை விட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்த உதவி மிகக் குறைவு. ஆகவே வேகத்தைக் குறைக்கும் வேலை ஏறக்குறைய முழுவதும் பிரேக்கின் தலையில்தான் விழுகிறது. ஆயிலிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. யமஹா 1964-இல் கொண்டுவந்த ஆட்டோலூப் முறையில், ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்ற இரண்டையும் பார்த்து ஒரு சிறு பம்ப் 2டி ஆயிலை அளந்து கொடுக்கிறது. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை முழுதும் மூடிவிட்டு, கியரிலேயே வேகமாக இறங்கினால் கிராங்க் படுவேகமாகச் சுழலும்; ஆயிலோ சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அலுமினிய பிஸ்டன் சூட்டில் இரும்பு லைனரைப் போல இரு மடங்கு விரியும் தன்மையுடையது. இடைவெளி அடைபட்டு எஞ்சின் சீஸ் ஆனால் பின் சக்கரம் அந்தக் கணமே பூட்டிக்கொள்ளும். பழைய எஞ்சினின் கார்புரேட்டர், பம்ப் அளவு, சைலன்சர் ஆகியவற்றைப் புது எஞ்சினோடு கலந்து பொருத்தும் பட்டறை வேலையில் இந்த அளவுகள் பிசகுவதற்கே வாய்ப்பு அதிகம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ‘கம்பெனியே இதைச் செய்ததே! ஆர்.எக்ஸ்.100-இன் உடலமைப்பிலேயே ஆர்.எக்ஸ்.135 வரவில்லையா?’ என்று கேட்பார்கள். வந்தது உண்மை. அந்த மாற்றம் ஏன் பொருந்தியது என்று பார்த்தால் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். 135-இன் சிலிண்டர் விட்டம் 58 மில்லிமீட்டர். பிஸ்டன் பயணம் மாறவில்லை, அதே 50. ஆகவே ஒரே சுழற்சி வேகத்தில் இரண்டு பிஸ்டன்களும் ஓடும் சராசரி வேகம் ஒன்றே. நிமிடத்துக்கு 7,500 சுழற்சியில் நொடிக்கு 12.5 மீட்டர். பிஸ்டனின் பரப்பு 35 சதவீதம் கூடியது. திறன் கூடியது 27 சதவீதம்தான். உருவம் பெரிதாகும்போது கொள்ளளவு வளரும் வேகத்தில் வெளிப்பரப்பு வளராததால், ஒவ்வொரு சி.சி.க்கும் கிடைக்கும் குளிர்ச்சி குறைகிறது; காற்றால் குளிரும் எஞ்சினில் பொறியாளர்கள் அடக்கி வாசிப்பதற்கு இது ஒரு காரணம். இவ்வளவு நிதானமான மாற்றம் என்பதால்தான் அந்தச் சேஸிஸ் தாங்கியது. முன்னே சொன்ன கணக்கில் 100 கிலோமீட்டர் 108 ஆகும்போது இயக்க ஆற்றல் கூடுவது சுமார் 17 சதவீதம். நல்ல நிலையில் உள்ள டிரம்முக்கு அது சமாளிக்கக்கூடிய கூடுதல். ராஜ்தூத் 350-இன் எஞ்சினுக்கு இந்த வாதம் எதுவும் பொருந்தாது. அது 347 சி.சி., இரண்டு சிலிண்டர், அகலமும் எடையும் வேறு. முழு வண்டியே 150 கிலோவைத் தாண்டும். டயர்கள் முன்னே 3.00, பின்னே 3.50 அங்குலம்; ஆர்.எக்ஸ்.100-இல் 2.50, 2.75. ராஜ்தூத் 350-க்கு மூலமான ஜப்பானிய யமஹா ஆர்.டி.350-இல் இருந்த முன் டிஸ்க்கை நீக்கி இந்தியாவில் டிரம் வைத்தார்கள். அந்தப் பெரிய வண்டியிலேயே பிரேக் போதவில்லை என்ற குறை கடைசிவரை நீங்கவில்லை.

எல்லாவற்றையும் தானே வடிவமைக்கும் ஆலைகூட இந்த இடத்தில் சறுக்கியிருக்கிறது. கவாசாகி 1969-இல் வெளியிட்ட ஹெச்1 வண்டி 498 சி.சி., மூன்று சிலிண்டர் டூ ஸ்ட்ரோக், 60 குதிரைத்திறன், எடை 174 கிலோ. நேர்ச்சாலையில் அதற்கு ஈடு இல்லை. வளைவில் சேஸிஸ் நெளிவதும், முன் சக்கரம் எழும்புவதும், டிரம் பிரேக் திணறுவதும் அதற்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தன. முன் டிஸ்க் 1972-இல்தான் வந்தது. எஞ்சின் ஓடிய வேகத்துக்கு மற்ற பாகங்கள் ஈடுகொடுக்கச் சில ஆண்டுகள் பிடித்தன, அதுவும் பொறியாளர் படையும் சோதனைத் தடமும் இருந்த இடத்தில்.

‘சரி, டிஸ்க் போட்டுவிடுகிறேன்’ என்பது அடுத்த பதில். டிஸ்க் பிடிக்கும், ஆனால் வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான பிடிமானம். கடுமையாகப் பிடிக்கும்போது எடை முன்னே சரிகிறது, மெலிந்த ஃபோர்க் குழாய்கள் வளைய முயல்கின்றன. ஆகவே ஃபோர்க்கை மாற்ற வேண்டும். ஃபோர்க் மாறினால் ஹேண்டில் திரும்பும் கோணக் கணக்கு மாறும். அகல டயர் போட்டால் ஸ்விங் ஆர்மில் இடம் போதாது. அகலமான எஞ்சினின் ஸ்ப்ராக்கெட்டும் பின் சக்கரத்தின் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் செயின் அறுந்து போகும். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் மிஞ்சுவது பெட்ரோல் டேங்கும் பெயரும்தான். அப்படி முழுவதும் புதிதாக வடிவமைத்துச் சோதிக்கும் ஆற்றல் உள்ளவர் மூடிய பந்தயத் தடத்துக்காகச் செய்தால் அது மதிக்கத்தக்க பொறியியல். எஞ்சினை மட்டும் மாற்றிப் பொதுச்சாலைக்கு வருவது அந்த வகையில் சேராது.

‘இத்தனை வருடம் ஓட்டுகிறோம், ஒன்றும் உடையவில்லை’ என்ற பேச்சுக்கும் உலோகவியலில் பதில் இருக்கிறது. உலோகம் ஒரே அடியில் முறிவதைவிட, தாங்கும் எல்லைக்குள்ளேயே லட்சக்கணக்கான தடவை வளைந்து வளைந்து களைத்துப் போவதுதான் அதிகம். ஸ்டீயரிங் தலைப்பிலும் ஸ்விங் ஆர்ம் பிணைப்பிலும் எஞ்சின் மவுண்ட்டிலும் வெல்டிங் ஓரமாக மயிரிழை விரிசல் விழும். பெயிண்டுக்கு அடியில் அது கண்ணுக்குத் தெரியாமல் வளரும். பட்டறையில் புதிதாக வெட்டி ஒட்டிய மவுண்ட் தகடுகள் அந்த விரிசலுக்குப் புது வாசல்கள். இன்றுவரை உடையாதது நாளைக்கான சான்று ஆகாது.

சட்டமும் தெளிவாகவே பேசுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்திலிருந்து மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று வகுத்தது. விபத்து நடந்தால் மோதப்படுபவர் இந்த எஞ்சின் ஆசையில் பங்கு கொள்ளாத யாரோ ஒருவர். அவர் குடும்பத்துக்கான இழப்பீட்டில் காப்பீட்டு நிறுவனம் கை விரிக்கக் கூடும் என்பதைச் சட்டத்தைவிடப் பெரிய காரணமாக நான் கருதுகிறேன்.

ஆர்.எக்ஸ்.100 வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். பெரிய எஞ்சினுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் பிரேக் டிரம்மைச் சரிபார்த்து ஷூ மாற்றுங்கள், புது டயர் போடுங்கள், ஸ்விங் ஆர்ம் புஷ்ஷையும் ஸ்டீயரிங் பேரிங்கையும் புதுப்பியுங்கள், ஆயில் பம்பின் அளவைச் சரிசெய்யுங்கள். பிறகு அதே எஞ்சினைப் போர் அடித்து, கிராங்க்கைச் சீராக்கி, அதற்கென்று கணக்கிட்ட சைலன்சரோடு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் போதவில்லை என்றால், 135 எஞ்சின் பற்றி மெக்கானிக்கிடம் பேசுவதற்கு முன்பு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். அனுமதி இல்லை என்றால் அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். 350 எஞ்சினுக்கு இந்த வண்டியில் இடம் இல்லை.