விடுமுறையில் ஊராய்வு

இளங்கலை வகுப்பில் இயற்பியலோ உயிரியலோ பயிலும் மாணவர் கோடை விடுமுறையில் ஆராய்ச்சிப் பயிற்சி பெற விரும்பினால் அதற்கு வழி உண்டு. நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டாக நடத்தும் கோடைக்கால உதவித்தொகைத் திட்டத்தின் கீழ், அவர் ஓர் அறிவியலாளரிடம் இரண்டு மாத காலம் பணியாற்றலாம். பொருளாதாரம், வரலாறு, சமூகவியல், இலக்கியம் பயில்வோருக்கு இத்தகைய பரந்த ஏற்பாடு அமையவில்லை. 1969-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவின் உதவிகளும் பெரும்பாலும் முனைவர் பட்ட நிலையையும் அதற்கு மேற்பட்ட ஆய்வுகளையும் கருத்திற்கொண்டவையே. சமூகத்தை ஆராய்வதற்கு வயதும் முதிர்ச்சியும் வேண்டும், பட்ட வகுப்பு மாணவருக்கு அது கைகூடாது என்னும் எண்ணம் இதன் பின்னணியில் இருக்கலாம். ஆனால் இந்தியக் கிராமப் பொருளாதார ஆய்வின் வரலாறு இவ்வெண்ணத்திற்கு அரண் செய்வதாக இல்லை.

ஸ்லேட்டரின் மாணவர்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் ஸ்லேட்டர் 1915-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை வந்தார். இந்தியக் கிராமங்களைப் பற்றி அவருக்கு நேரடி அறிவு இல்லை. பாடநூல்களோ இங்கிலாந்தின் தொழிற்சாலைகளையும் சந்தைகளையும் பற்றிப் பேசின. மாணவர்களுக்குத் தம் ஊர் தெரியும். ஆகவே அவர் ஒரு வினாநிரலை வகுத்து, விடுமுறையில் தத்தம் ஊர்களை ஆராய்ந்து எழுதிவருமாறு மாணவர்களைப் பணித்தார். நிலம் யாரிடம் உள்ளது, குத்தகை எவ்வளவு, கூலி பணமா தானியமா, கடன் எவரிடம், வட்டி என்ன என்பன போன்றவை ஆராயப்பட்டன. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டுத் தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, திருநெல்வேலிக் கங்கைகொண்டான், மலபாரின் குருவாயூர் உள்ளிட்ட ஊர்களைப் பற்றிய கட்டுரைகள் தொகுக்கப்பெற்று 1918-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன.

இவை குறையற்ற ஆய்வுகள் அல்ல. ஆயினும் எழுதியவை காப்பாற்றப்பட்டன. அதனால் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோரின் முயற்சியால் 1936-37-இல் அதே ஊர்கள் மறுபடியும் ஆராயப்பட்டன. 1981-இல் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டை ஆராய்ந்தனர். 2008-இலும் அவ்வூர் ஆராயப்பட்டது. ஒரு பெருநிலக்கிழார் குடும்பத்தின் ஆதிக்கத்தில் இருந்த ஊர், தொண்ணூறு ஆண்டுகளில் அப்பிடியிலிருந்து எவ்வாறு விலகியது, உழவுத் தொழிலாளர் ஊருக்கு வெளியே வேலை தேடத் தொடங்கியபின் நிலவுடைமையின் வலிமை எவ்வாறு குன்றியது என்பதை இன்று காண முடிகிறது. இத்தனை நீண்ட காலத் தொடர்ச்சியுள்ள கிராமத் தகவல் நாட்டில் மிகச் சில இடங்களுக்கே உண்டு. அதன் முதற்கண்ணி ஒரு மாணவரின் விடுமுறைக் கட்டுரை.

எதை, எவ்வாறு பதிவு செய்தல்

பிற்காலத்தில் ஒப்பிட உதவும் தகவல் எத்தகையது என்பது இங்கு எழும் வினா. கருத்துரைகள் விரைவில் பழமையடைகின்றன, அளவுகள் நிலைக்கின்றன. ‘கூலி மிகக் குறைவு’ என்று எழுதப்பட்ட வாக்கியத்தால் அடுத்த தலைமுறைக்குப் பயன் இல்லை. நாளொன்றுக்கு எத்தனை படி நெல் என்று எழுதினால் பயன் உண்டு. அந்த ஊர்ப் படி எவ்வளவு கொள்ளும் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அப்பயன் முழுமையாகும். ஏனெனில் முகத்தல் அளவைகள் அன்று ஊருக்கு ஊர் வேறுபட்டன. இன்று படியின் இடத்தைக் கிலோகிராம் பிடித்துக்கொண்டது. எனினும் கூலியில் உணவு சேருமா, வேலை எத்தனை மணி நேரம், பெண்ணுக்கு என்ன, ஆணுக்கு என்ன என்னும் கேள்விகள் அப்படியே இருக்கின்றன.

வரலாறும் இலக்கியமும் பயில்வோருக்கும் ஊரிலேயே பணி காத்திருக்கிறது. தொடக்கப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால், எந்தத் தெருவிலிருந்து எந்த ஆண்டில் முதல் பெண் குழந்தை பள்ளிக்கு வந்தது என்பது தெரியவரும். வயல்களின் பெயர்கள், நின்றுபோன கைத்தொழில்களின் கருவிப் பெயர்கள், நடவுப் பாடல்கள் ஆகியவை முதியோரின் நினைவில் மட்டுமே உள்ளன. அவை அடுத்த விடுமுறை வரை காத்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

கேட்பவர் யார்

1916-இல் கல்லூரிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நிலமுடைய குடும்பத்தினர் அல்லது மேல்சாதியினர். தொழிலாளரின் குடிசையை அவர்கள் வெளியிலிருந்தே கண்டனர். இன்று அக்குடிசைகளின் வழிவந்தவர்களே கல்லூரியில் பயில்கின்றனர். முன்னர் ‘விவரம் அளிப்போர்’ என்று குறிக்கப்பட்டவர்களின் பேத்தி இப்போது வினாநிரலை வகுக்கும் நிலையில் இருக்கிறார். முந்திய ஆய்வுகளில் இடம்பெறாத கேள்விகளை அவர் கேட்கக்கூடும். குடிநீருக்காகக் காத்திருக்கும் நேரமும், முன்பணம் பெற்று வெளியூர் செல்லும் குடும்பத்தின் கணக்கும் அவருக்கு வீட்டுச் செய்திகள்.

ஆனால் விதிமுறை வேறு அளவுகோலைக் கொண்டுள்ளது. தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகம், நான்காம் ஆண்டில் ஆராய்ச்சிக்கு 12 கிரெடிட் ஒதுக்குகிறது. முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு மதிப்பெண் பெற்றோரே அப்பிரிவில் சேரலாம். ஆராய்ச்சி இளங்கலை நிலைக்கு வந்திருப்பது வரவேற்கத்தக்கதே. எனினும் தேர்வு மதிப்பெண்ணுக்கும், அயலாரிடம் பொறுமையாகப் பேசி உண்மை அறியும் திறனுக்கும் உள்ள தொடர்பு உறுதியானதன்று. முதல் இரண்டு கோடைகளிலேயே சிறு அளவில் களப்பணி அளிக்கப்பட்டால், திறன் உள்ளோர் எவர் என்பது மதிப்பெண் பட்டியலைவிடத் தெளிவாக வெளிப்படும்.

இங்குப் பணமும் குறுக்கிடுகிறது. வசதி குறைந்த மாணவருக்கு விடுமுறை ஓய்வுக்காலம் அன்று, கடையிலோ கட்டட வேலையிலோ சம்பாதித்து அடுத்த ஆண்டுக் கட்டணத்திற்குச் சேர்க்கும் காலம். அவ்வருவாய்க்கு ஈடான உதவித்தொகை இன்றிக் களப்பணி அறிவிக்கப்பட்டால், வசதியுள்ளோரே மீண்டும் அதில் இறங்குவர்; குடிசை மறுபடியும் வெளியிலிருந்தே காணப்படும். ஆய்வகமோ விலையுயர்ந்த கருவியோ தேவைப்படாத இத்துறைகளில் செலவின் பெரும்பகுதி இவ்வுதவித்தொகைதான்.

பதிவைக் காத்தலே எஞ்சியிருக்கும் பெருங்குறை. கல்லூரிகளில் ஆண்டுதோறும் எழுதப்படும் திட்டக்கட்டுரைகள் மதிப்பெண் வழங்கப்பட்டதும் கட்டுக்கட்டாக அலமாரியில் ஏறி, சில ஆண்டுகளில் பழைய தாள் கடைக்குச் செல்கின்றன. விவரம் தந்தவர்களின் ஒப்புதலைப் பெற்று, பெயர்களை நீக்கி, வினாநிரலையும் விடைத்தாள்களையும் கல்லூரி நூலகத்திலேயே ஊர்வாரியாக வைப்பதற்கு ஓர் அலமாரியும் ஒரு பதிவேடும் போதும். பத்தாண்டு கழித்து அதே ஊரிலிருந்து வரும் மாணவரிடம் ஆசிரியர் அக்கட்டை எடுத்துக் கொடுத்து, மீண்டும் சென்று கேட்டுவருமாறு சொல்லலாம்.