சொட்டுத் தண்ணீரும் பகைதான்! மலையேறும் புதிய டீசல் இன்ஜின்

கேமரன் மலைக்குப் போய் வந்தவர்களுக்கு அங்குள்ள பழைய லேண்ட்ரோவர்களைத் தெரியாமல் இருக்காது. பெயின்ட் உதிர்ந்து, கதவு ஆடி, பின்னால் முட்டைக்கோஸ் கூடைகளைச் சுமந்துகொண்டு ரிங்லெட்டிலும் பிரிஞ்சாங்கிலும் இன்றும் அவை ஓடுகின்றன. அவற்றின் பக்கத்திலேயே ஹைலக்ஸ், டிரைட்டன் போன்ற புதிய பிக்கப் வண்டிகளும் நிற்கின்றன. இந்தப் பிக்கப் வண்டிகள் குடிப்பது டீசல். பழைய லேண்ட்ரோவர்களிலும் டீசல் வண்டிகள் உண்டு. ஆனால் டீசல் சிலிண்டருக்குள் போகும் வழி இரண்டிலும் முற்றிலும் வேறு. பழைய வண்டியைப் பார்த்துக்கொண்ட மாதிரியே புதிய வண்டியையும் பார்த்துக்கொண்டால் செலவு எங்கே கொண்டுபோய் விடும் என்பது மலையில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களுடன் பேசிய பிறகுதான் இதை எழுதத் தோன்றியது.

முதலில் அடிப்படை. ரூடோல்ஃப் டீசல் 1897-இல் ஓட்டிக் காட்டிய இன்ஜினிலும் சரி, இன்றைய இன்ஜினிலும் சரி, தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை மிக இறுக்கமாக அழுத்தினால் அது பல நூறு டிகிரி சூடேறும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். எவ்வளவு நுண்ணிய துளிகளாகப் பீய்ச்சுகிறோமோ அவ்வளவு நன்றாக எரியும். துளி பெரிதானால் பாதி எரிந்து, மீதி கரும்புகையாக வெளியே போகும்.

பழைய இன்ஜினில் ஒரே பம்ப் இரண்டு வேலைகளைச் செய்தது. அழுத்தத்தை உண்டாக்குவதும் அதுதான், முறை பார்த்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலை அனுப்புவதும் அதுதான். லயத்தில் வீடு வீடாகக் கையால் தண்ணீர் இறைத்துக் கொடுப்பது போன்றது இது. இறைப்பவர் வேகமாக இறைத்தால் தண்ணீர் வேகமாக வரும், களைத்துப்போனால் ஒழுகும். இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது பம்பின் அழுத்தமும் குறைந்துவிடும். மலையில் கொண்டை ஊசி வளைவில் வண்டி தவழும்போதுதான் அதிக சக்தி தேவை. அந்த நேரத்தில்தான் பழைய பம்ப் தளர்ந்துபோகும்.

காமன் ரயில் முறை இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துவிட்டது. பெயரில் ரயில் இருந்தாலும் தண்டவாளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரயில் என்பது இன்ஜின் மீது பொருத்தப்பட்ட, கெட்டியான எஃகுக் குழாய். பம்பின் வேலை அந்தக் குழாயை எப்போதும் உயர் அழுத்தத்தில் நிரப்பி வைப்பது மட்டுமே. எல்லாச் சிலிண்டர்களுக்கும் அதுவே பொதுக் குழாய். அதனால்தான் 'காமன்' என்ற பெயர். மேட்டில் நீர்த்தொட்டி கட்டி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குழாய் போட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிறைந்திருக்கும்வரை எந்த நேரத்தில் குழாயைத் திறந்தாலும் தண்ணீர் வேகமாகத்தான் வரும்.

இங்கே வீட்டுக் குழாயின் வேலையைச் செய்வது இஞ்செக்டர். அதைத் திறந்து மூடுவது கம்ப்யூட்டர். வாகனமோட்டி எவ்வளவு மிதிக்கிறார், இன்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது, எவ்வளவு காற்று உள்ளே வருகிறது, ரயிலில் அழுத்தம் எவ்வளவு என்பதையெல்லாம் சென்சார்கள் சொல்ல, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலான நேரத்துக்கு இஞ்செக்டர் திறந்து மூடுகிறது. ஒரு முறை எரிவதற்கே பல தடவை பீய்ச்சும். முதலில் ஒரு சிறு துளி, அது பற்றிய பிறகு பெரிய அளவு. பழைய டீசலின் 'டக டக' சத்தம் புதிய வண்டிகளில் அடங்கிப்போனதற்கு அந்த முதல் துளி ஒரு முக்கியக் காரணம்.

இந்த முறையைப் பெரும் உற்பத்திக்கு முதலில் கொண்டுவந்தது ஜப்பானின் டென்சோ நிறுவனம். 1995-இல் ஹினோ லோரியில் பொருத்தியது. கார்களில் முதலில் வந்தது 1997-இல், ஆல்ஃபா ரோமியோ 156 காரில். இத்தாலியின் ஃபியட் குழுமம் உருவாக்கியதை ஜெர்மனியின் போஷ் நிறுவனம் உற்பத்திக்குத் தயாராக்கியது. அன்று அழுத்தம் 1,350 பார். இன்றைய வண்டிகளில் 2,000 பாரையும் தாண்டுகிறது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பார் சொச்சம்தான் என்பதை நினைத்தால், இது எவ்வளவு பெரிய அழுத்தம் என்பது புரியும்.

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அதற்குள் சாலை 1,400 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. பழைய பம்புக்கு இது தெரியாது. கீழே கொடுத்த அதே டீசலைக் கொடுத்துப் புகை கக்க வைக்கும். புதிய இன்ஜின் காற்றை அளந்து டீசலையும் குறைத்துக்கொள்ளும். டர்போ காற்றை அழுத்தித் தந்து ஈடுகட்டும். இறங்கும்போதும் ஒரு லாபம் உண்டு. கியரில் வைத்து, மிதிக்காமல் இறங்கினால் கம்ப்யூட்டர் டீசலை முழுவதுமாக நிறுத்திவிடும். நியூட்ரலில் இறங்கினால் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் செலவாகும், பிரேக்கும் சூடேறும். ஆகவே நியூட்ரலில் இறங்குவது சிக்கனம் அல்ல, ஆபத்து.

இத்தனை நன்மைக்கும் ஒரு விலை உண்டு. பம்புக்கும் இஞ்செக்டருக்கும் உள்ளே இருக்கும் இடைவெளிகள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். தலைமுடியின் பருமனைவிடப் பல மடங்கு சிறியவை. அந்தப் பாகங்களுக்கு டீசலைத் தவிர வேறு மசகு எண்ணெய் கிடையாது. டீசலில் தண்ணீர் கலந்தால் அவை துருப்பிடிக்கும்; மணல்தூசி கலந்தால் தேயும். பழைய இன்ஜின் இரண்டையும் ஓரளவு பொறுத்துக்கொண்டது. புதியது பொறுக்காது.

மலையில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். மூடுபனியும் ஈரமும் நிறைந்த இடத்தில், பாதி காலியான டிரம்மின் உள்சுவரில் இரவெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும். செம்பனை எண்ணெயிலிருந்து செய்யும் பயோடீசல் ஈரத்தை எளிதில் ஈர்க்கும். குளிரில் கெட்டியாகவும் தொடங்கும். 2019-இல் போக்குவரத்துக்கு 10 விழுக்காடு பயோடீசல் கலந்த பி10 கட்டாயமானபோது, கேமரன் மலை, கெந்திங் மலை, சபாவின் குண்டாசாங் ஆகிய குளிர்ப் பகுதிகளுக்கு விலக்கு அளித்து பி7 தொடர்ந்ததற்கு இந்தக் குளிர்தான் காரணம். 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி 7.8 டிகிரி வரை குளிர்ந்த மலை அல்லவா இது!

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் ஒரே நாளில் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. விலை ஏறும்போதெல்லாம் எங்கிருந்தோ வரும் மலிவு டீசல் மீது ஆசை வருவது இயல்பு. காமன் ரயில் வண்டிக்கு அந்த ஆசை ஆகாது. லிட்டருக்குச் சில காசு மிச்சம் பிடித்து, நான்கு இஞ்செக்டர்களுக்குப் பல ஆயிரம் வெள்ளி கொடுக்க வேண்டி வரலாம். தேயிலைத் தோட்டத்தில் பறித்த கொழுந்து மூட்டையிலேயே சூடேறிக் கெட்டுவிடும். அன்றே ஆலைக்குப் போயாக வேண்டும். வண்டி ஒருநாள் நின்றால் கெடுவது இன்ஜின் மட்டும் அல்ல.

செய்ய வேண்டியவை எளியவை. நம்பகமான நிலையத்தில் டீசல் ஊற்றுங்கள். ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றுங்கள். ஃபில்டருக்கு அடியில் தேங்கும் நீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள். தண்ணீர் இருப்பதாக எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அடுத்த ஊர்வரை ஓட்டிப் பார்க்காதீர்கள். பழைய பிக்கப் வாங்குகிறவர்கள், இஞ்செக்டர்களிலிருந்து திரும்பி வரும் டீசலைத் தனித்தனிப் புட்டிகளில் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் அதிகமாக வந்தால், அந்த இஞ்செக்டர் பெரும்பாலும் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கடைசியாகச் சொல்வதுதான் மிக முக்கியம். பழைய டீசலில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே இஞ்செக்டர் குழாயின் நட்டைத் தளர்த்துவது பட்டறைப் பழக்கம். காமன் ரயிலில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. அந்த அழுத்தத்தில் சீறும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்துவிடும். வெளியே ஊசி குத்திய அளவே தெரியும், முதலில் வலிகூட இருக்காது. உள்ளே டீசல் சதைக்குள் பரவி, சில மணி நேரத்தில் விரலையே எடுக்கும் நிலை வரலாம். அப்படி நேர்ந்தால் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல், உடனே மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்த டீசல் கைக்குள் பாய்ந்துவிட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள். இன்ஜினை அணைத்த பிறகும் அழுத்தம் இறங்கச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை ஸ்பேனரைத் தொட வேண்டாம்.

உங்கள் வீட்டில் பட்டறை வேலை பழகும் பிள்ளை இருந்தால், இந்தப் பத்தியை மட்டுமாவது அவனைப் படிக்கச் சொல்லுங்கள்.