பாலஸ்தீனருக்காகப் பேசுவோர் யார்?

1948-ஆம் ஆண்டுப் போரில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர் வீடிழந்தனர். முகாம்களில் சிதறிய அவர்களுக்காக உலக அரங்கில் பேசியவை அரபு அரசுகளே. 1964-இல் பைத்துல் முகத்தஸில் பாலஸ்தீன விடுதலை இயக்கம் நிறுவப்பெற்றது. அதுவும் அவ்வரசுகளின் அரவணைப்பிலேயே பிறந்தது. 1969-இல் யாஸிர் அரபாத் தலைமையேற்ற பின்னரே அது போராளிகளின் கைக்கு வந்தது.

1974 அக்டோபரில் ரபாத் மாநாடு அவ்வியக்கத்தையே பாலஸ்தீனரின் ஒரே சட்டபூர்வப் பிரதிநிதியென ஏற்றது. நவம்பரில் அரபாத் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் உரையாற்றினார். இயக்கம் பார்வையாளர் தகுதியும் பெற்றது.

1993 ஒஸ்லோ உடன்படிக்கையால் தன்னாட்சி அமைந்தது. 2006 தேர்தலில் 132 இடங்களுள் 74-ஐ ஹமாஸ் வென்றது. மறு ஆண்டே காஸாவும் மேற்குக் கரையும் இரு நிர்வாகங்களின்கீழ்ப் பிரிந்தன.

தம் குரல் உலக மன்றத்தில் ஒலிக்க 26 ஆண்டுகள் காத்திருந்த மக்கள் அவர்கள். உலகின் அங்கீகாரம் பெரிதுதான். எனினும், மக்களின் ஒப்புதலும் ஒற்றுமையுமே பிரதிநிதித்துவத்தின் உயிர்.