வறள்நிலத் தாவரப் பரவலில் மண் ஈரத்தின் பங்கு: நைஜர் நாட்டு வரிப்புதர்க்காடுகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வறள்நிலத்தில் தாவரங்கள் நிற்கும் இடத்தை மழையின் அளவைவிட, அம்மழை மண்ணுக்குள் இறங்கும் இடமே பெரிதும் தீர்மானிக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டிலுள்ள வரிப்புதர்க்காடுகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது. அக்காடுகளின் இடையே காணப்படும் வெற்றுத்தரை பயனற்ற நிலம் அன்று, காட்டிற்கு நீரூட்டும் உறுப்பு என்பது இதன்வழிப் பெறப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மண் ஈரம், வறள்நிலம், ஓடுநீர், வரிப்புதர்க்காடு, சாகேல்.

முன்னுரை

ஒரு நிலப்பகுதியின் தாவர வளத்தை அதன் ஆண்டு மழையளவைக் கொண்டு மதிப்பிடுவது வழக்கம். மழை குறைந்த நிலங்களில் இம்மதிப்பீடு போதுமானதாக அமைவதில்லை. அங்கு ஒரே மழையைப் பெறும் இரு இடங்களுள் ஒன்று அடர்ந்த புதராகவும், சில மீட்டர் தொலைவிலுள்ள மற்றொன்று புல்லும் முளைக்காத தரையாகவும் இருப்பதுண்டு. இவ்வேறுபாட்டின் காரணம் மண் ஈரத்தில் உள்ளது.

மண் ஈரமும் தாவரமும்

பெய்யும் மழையில் ஒரு பகுதி தரைமேல் வழிந்தோடுகிறது. ஒரு பகுதி மேல்மண்ணிலிருந்து ஆவியாகிறது. எஞ்சியதே வேர்மண்டலத்தில் தங்குகிறது. மண் உலர உலர, எஞ்சிய நீரை மண்துகள்கள் மேலும் இறுகப் பற்றுகின்றன. நீரை ஈர்த்தெடுக்க வேண்டிய விசை ஏறத்தாழ 1.5 மெகாபாஸ்கலை எட்டும்போது, பெரும்பாலான பயிர்கள் மீளா வாடல் நிலையை அடைகின்றன. வறள்நிலப் புதர்கள் பல இவ்வெல்லையைக் கடந்தும் நீரை உறிஞ்ச வல்லவை. ஆயினும், மேல்மண்ணில் மட்டும் தங்கும் ஈரம் சில நாள் வெயிலில் அகன்றுவிடும். ஆகவே பல்லாண்டுத் தாவரங்கள் நிலைப்பதற்கு ஆழத்தில் சேரும் ஈரம் இன்றியமையாதது. எங்கும் மெல்லிதாகப் பரவும் நீரைவிட, சில இடங்களில் மிகுதியாகச் சேரும் நீரே அவற்றை வாழவைக்கும்.

வரிப்புதர்க்காட்டின் அமைப்பு

இத்தகைய சேர்க்கை இயற்கையாகவே நிகழும் நிலங்கள் உள்ளன. பிரித்தானிய சோமாலிலாந்தின் சமவெளிகளில் தாவரங்கள் ஒழுங்கான கோலங்களாக அமைந்திருப்பதை, வான்வழி ஒளிப்படங்களின் துணையுடன் மக்ஃபாடியன் 1950இல் விவரித்தார். நைஜரில் இதனையொத்த அமைப்பு, புலியின் வரிகளைப் போலத் தோன்றுவதால், பிரெஞ்சு மொழியில் புலிவரிப்புதர் எனப் பெயர்பெற்றது.

நைஜரின் தலைநகரான நியாமேயைச் சூழ்ந்த செம்புறைக்கல் மேட்டுநிலங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 முதல் 600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதன் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் கிடைக்கிறது. அந்நிலத்தின் சரிவு கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிது. அச்சரிவுக்குக் குறுக்காகப் புதர்வரிகளும் வெற்றுத்தரை வரிகளும் மாறி மாறி அமைகின்றன. மருதும் கடுக்காயும் அடங்கிய கோம்பிரெட்டேசிக் குடும்பத்தைச் சேர்ந்த கியேரா செனகலென்சிஸ், கோம்பிரெட்டம் மைக்ராந்தம் ஆகியன இங்கு மிகுதி.

நீர் இடம்பெயரும் முறை

வெற்றுத்தரையில் விழும் மழைத்துளிகள் மண்கட்டிகளைச் சிதைத்து, நுண்துகள்களால் மேற்பரப்பை அடைத்துவிடுகின்றன. இவ்வாறு உருவாகும் இறுகிய மேலோட்டில் நீர் எளிதில் இறங்குவதில்லை. சரிவின் வழியே ஓடிக் கீழுள்ள புதர்வரியை அடைகிறது. அங்கு உதிர்ந்த இலைகளும் அடர்ந்த தண்டுகளும் நீரின் விரைவைத் தடுக்கின்றன. வேர்களும் கறையான்களும் ஏற்படுத்திய துளைகள் வழியே நீர் ஆழம் செல்கிறது. ஏரிக்கும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் உள்ள உறவே இங்குப் புதர்வரிக்கும் வெற்றுத்தரைக்கும் உள்ளது.

இதனை ஓர் எளிய கணக்கால் உணரலாம். வெற்றுத்தரை 60 மீட்டர், புதர்வரி 20 மீட்டர் அகலம் எனவும், மழை 500 மில்லிமீட்டர் எனவும் கொள்வோம். வெற்றுத்தரையில் விழும் நீரில் பாதி ஓடிவந்தால், புதர்வரி தன்மேல் பெய்த 500 மில்லிமீட்டருடன் மேலும் 750 மில்லிமீட்டர் பெறும். அதாவது, மழையைப்போல் இரண்டரை மடங்கு நீர் அதற்குக் கிடைக்கும்.

புதர்வரிக்குள்ளும் இவ்வேறுபாடு தொடர்கிறது. நீர் முதலில் வந்தடையும் மேல்விளிம்பில் புற்களும் இளங்கன்றுகளும் தோன்றுகின்றன. நடுப்பகுதியில் புதர் அடர்கிறது. நீர் சென்றடையாத கீழ்விளிம்பில் முதிர்ந்தும் பட்டும்போன மரங்கள் காணப்படுகின்றன.

சமநிலை குலைதல்

இக்காடுகள் நியாமே நகரின் முக்கிய விறகு ஆதாரங்களுள் ஒன்று. புதர்வரி வெட்டப்படும்போது மரங்களுடன் நீரை மண்ணுக்குள் இறக்கும் வாயிலும் இழக்கப்படுகிறது. இலைச்சருகும் துளைகளும் மறைய, அங்கும் மேலோடு இறுகுகிறது. 1970, 1980களின் வறட்சிக் காலத்தில் சாகேல் நிலப்பகுதிகள் பலவற்றில் மழை குறைந்தும் ஓடுநீர் பெருகியது. தாவரப் போர்வை குறைந்து மண் இறுகியமை அதற்கு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. ஆய்வாளர்கள் இதனைச் சாகேல் முரண் என்பர்.

வெற்றுத்தரை முழுவதையும் மரம் நட்டு நிரப்ப முயல்வதும் இச்சமநிலைக்கு எதிரானதே. அம்மரங்கள் கீழுள்ள புதருக்குச் செல்லும் நீரைப் பங்கிட்டுக்கொள்ளும். மாறாக, புர்கினா ஃபாசோவிலும் நைஜரிலும் உழவர்கள் இறுகிய நிலத்தில் சிறு குழிகள் தோண்டி, எருவிட்டு, அவற்றுள் மட்டும் விதைக்கின்றனர். குழிகளுக்கு இடைப்பட்ட தரை வெறுமையாகவே விடப்படுகிறது. அத்தரையின் ஓடுநீர் குழிகளில் சேர்ந்து பயிரைக் காக்கிறது.

முடிவுரை

வறள்நிலத்தில் தாவரப் பரவல் என்பது நீர்ப்பங்கீட்டின் வெளிப்பாடாகும். ஆகவே அந்நிலங்களில் காடு வளர்க்கும் திட்டங்கள் மழையளவையும் நடவேண்டிய கன்றுகளின் எண்ணிக்கையையும் மட்டும் கருதுதல் போதாது. நீர் எங்கு ஓடுகிறது, எங்கு இறங்குகிறது, எவ்வளவு ஆழத்தில் தங்குகிறது என்பன முதலில் அறியப்படல் வேண்டும்.